குருவம்மா கண்ட இரண்டு ககரம்

கமலாதேவி டீச்சர் சொல்வதெழுதல் கொப்பிகளைத் திருத்தி முடித்தபோது, ஐந்தாம் வகுப்பில் ஒரே ஒருத்திதான் இருபதுக்கு இருபது வாங்கியிருந்தாள். கடைசி வாங்கில் சுவரோரமாக உட்கார்ந்திருக்கும் குருவம்மா. பதுளை நகரத்துத் தெருக்களைக் கூட்டிப் பெருக்குகிறவர்களின் குடியிருப்பிலிருந்து வரும் பிள்ளை. டீச்சருக்கு நம்பிக்கை வரவில்லை.

அன்றைய இருபது சொற்களும் ழகரம், ளகரம் கலந்தவை. எழுத்தில்தான் ழ என்று ஒன்று இருக்கிறது. அந்தப் பக்கத்தில் யார் வாயிலும் அது வருவதில்லை. கோளி, ஏளு, களுதை என்றுதான் பேச்சு. யாழ்ப்பாணத்திலிருந்து வேலைக்கு வந்திருந்த டீச்சரின் வாயிலும் அதே ளகரம்தான். காதால் கேட்டு எழுதுகிற பிள்ளைக்கு எது எந்த எழுத்து என்று தெரிய வழியே இல்லை. குருட்டாம்போக்கில் எதையோ எழுதிவைப்பார்கள், பாதி சரியாகும், பாதி பிழையாகும்.

“பிள்ளை, இஞ்ச வாரும். நீர் ஆரைப் பாத்து எழுதினனீர்?”

“யாரையும் பாக்கல டீச்சர்.”

டீச்சர் மற்றக் கொப்பிகளைப் புரட்டினார். பக்கத்திலிருந்தவள் பதினொன்று. முன்னாலிருந்தவன் ஒன்பது. பார்த்து எழுதியிருந்தால் பிழையையும் சேர்த்தல்லவா எழுதியிருப்பாள்?

“அப்ப எப்பிடித் தெரிஞ்சது?”

“சும்மா தோணுச்சு டீச்சர்.”

அது பொய். குருவம்மாவின் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். எந்தக் காலத்திலோ கப்பலேறி வந்த பாட்டன் பூட்டன் கொண்டுவந்த பேச்சு. வீட்டில் கோழியைக் ‘கோடி’ என்பார்கள், ஏழு என்ற எண்ணை ‘ஏடு’ என்பார்கள், கழுதையைக் ‘காடித’ என்பார்கள். முள்ளையோ ‘முல்லு’ என்பார்கள், தேளைத் ‘தேலு’ என்பார்கள், கள்ளைக் ‘கல்லு’ என்பார்கள். தமிழில் ஒரே மாதிரி ஒலிக்கிற சொற்கள் வீட்டில் இரண்டு கூட்டமாகப் பிரிந்து நின்றன. வீட்டுப் பேச்சில் ட வந்தால் தமிழில் ழ எழுத வேண்டும்; ல வந்தால் ள எழுத வேண்டும். இதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒருநாள் தண்ணீர்க் குழாயடியில் குடத்தை வைத்துக்கொண்டு நின்றபோது தானாகவே தெரிந்தது. உடம்பு சிலிர்த்துப்போனது அவளுக்கு.

ஆனால் டீச்சரிடம் சொல்ல முடியாது. அந்தப் பாஷை வாயில் வந்தால் எந்தக் குடியிருப்பு என்பது தெரிந்துவிடும். தெரிந்தால் குடிக்கிற குவளை தனியாகும், விளையாட்டில் கைகோக்க ஆள் வராது. ஏற்கனவே பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்காகவாவது வாயை மூடிக்கொள் என்று அம்மா சொல்லியிருந்தாள். குருவம்மா மூடிக்கொண்டாள். அன்று மூடிய வாய் நாற்பது வருஷத்துக்கு மேல் திறக்கவில்லை.

ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றது. இருபத்தோரு வயதில், பதுளைச் சந்தைக்கு மரக்கறி மூட்டை இறக்க வந்துபோன வடிவேலைக் கட்டிக்கொண்டாள். அவன் அப்புத்தளைக்கும் பெரகலைக்கும் நடுவிலிருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பையன். இங்கிலீசில் அந்தத் தோட்டத்துக்குக் ‘கிளென்’ என்று தொடங்கும் நீளமான பெயர். அந்தப் பெயரை அலுவலகப் பலகையைத் தவிர வேறெங்கும் காண முடியாது. ஜனங்களுக்கு அது பள்ளத்தோட்டம்.

வடிவேலின் அம்மா விசாலாட்சி மருமகளைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் வாசலில் நிறுத்தி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். “நீ யாரு மகளா இருந்தாலும் பரவால்ல, வந்துட்ட, இரு. ஒங்க வீட்டுப் பாஷ மட்டும் இந்த லயத்துக்குள்ள கேக்கக் கூடாது.”

கேட்கவில்லை. பிறந்த மகள் லக்ஷனாவைத் தாலாட்டியபோதுகூட அந்தப் பேச்சில் ஒரு சொல் வரவில்லை. மாமியார் போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருஷமான பிறகும் வரவில்லை. பழகிப்போனது.

இருபத்தைந்து வருஷம் கொழுந்தெடுத்தாள். பிறகு ஒரு மழைக்காலத்தில் சரிவில் சறுக்கி விழுந்து முழங்கால் பிசகியது. மலையேற முடியாமல் வீட்டில் உட்கார்ந்தவளைத் தோட்டத்து மேட்டிலிருக்கும் பழைய கல்கோயிலின் சபையார் கூப்பிட்டார்கள். வெள்ளைக்காரத் துரைமார் கட்டிய மாதாகோயில் அது. மாதத்துக்கு ஒரு ஞாயிறுதான் பூசை. அதைச் சுற்றி எழுபது எண்பது கல்லறைகள். புல் வெட்ட வேண்டும், கற்களில் பாசி தேய்க்க வேண்டும்.

அந்த வேலை குருவம்மாவுக்குப் பிடித்துப்போனது. தென்னந்தும்பும் தண்ணீரும் போதும். சவர்க்காரம் போட்டால் கல் பொடியாகும் என்று முதல் மாதமே கண்டுகொண்டாள். தேய்க்கத் தேய்க்க எழுத்து மேலே வரும். இங்கிலீசு எழுத்துகளைக் கூட்டிப் படிக்கத் தெரியும். பொருள் பாதிதான் விளங்கும். பெயர், பிறந்த வருஷம், இறந்த வருஷம். முப்பது வயது, இருபத்தாறு வயது, பதினோரு மாதம். சாகும்போது துரைமாரும் சின்ன வயதுதான் என்று அவள் வடிவேலிடம் ஒருநாள் சொன்னாள்.

மூன்றாவது வரிசையில் ஒரு கல் மட்டும் மற்றவை மாதிரி இல்லை. அதன் கீழ்ப்பாதியில் இங்கிலீசாகக் கூட்டிப் படித்தால் எதுவுமே அமையாத நாலு வரி இருந்தது. எழுத்து அதே எழுத்துத்தான். ஆனால் ‘எச்’ என்ற எழுத்து வேண்டாத இடத்திலெல்லாம் காக்காய்க் கூட்டம் மாதிரி வந்து உட்கார்ந்திருந்தது. இது வேறு ஏதோ பாஷை என்று குருவம்மா தனக்குள் முடிவு செய்துகொண்டாள். கேட்க ஆளில்லை. போன வருஷத்து ஐப்பசி மழையில் மேலே நின்ற மரத்தின் கிளை முறிந்து விழுந்து, அந்தக் கல் ஐந்து துண்டானது. துண்டுகளை அவள் பொறுக்கி அதே இடத்தில் வரிசையாக அடுக்கி, மேலே சாக்கைப் போட்டு மூடி வைத்தாள்.

இந்த வருஷம் மாசி மாதத்தில் ஒரு காலை நேரம், கோயில் வாசலில் ஒரு வான் வந்து நின்றது. ஓட்டி வந்தவள் ஸவாஹிரா. பதுளைக்காரி, எல்ல என்ற ஊரில் சுற்றுலாக்காரர்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிற தொழில். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு இறங்கி வந்தாள்.

“அக்கா, இந்தப் பெரியவர் ஸ்கொட்லாந்துப் பக்கம் ஒரு தீவுல இருந்து வந்திருக்கார். இவருடைய அப்பப்பாவுக்கு ஒரு அண்ணன் இங்க அடங்கியிருக்காராம். கல்லைக் காட்டுவீங்களா?”

பெரியவர் பெயர் ரூரி. எழுபது வயதிருக்கும், நெட்டை உருவம். கூட அவர் மனைவி நெஸ்டா. அவள் வேல்ஸ் நாட்டுக்காரி, பள்ளிக்கூடத்தில் பாஷை படிப்பித்து ஓய்வு பெற்றவள். ஸவாஹிரா காட்டிய பெயரைப் பார்த்ததும் குருவம்மா நேரே மூன்றாவது வரிசைக்கு நடந்து சாக்கை எடுத்தாள்.

ரூரி ஈரப்புல்லில் முழங்காலூன்றினார். அந்த நாலு வரியை விரலால் தடவித் தடவிச் சத்தமாகப் படித்தார். குருவம்மா குனிந்து காதைக் கொடுத்தாள். அவளுக்கு ஏழு வருஷமாக ஊமையாய்க் கிடந்த கல் இப்போது பேசியது. கரகரவென்று, தொண்டைக்குள்ளிருந்து வரும் பேச்சு.

“இது இங்கிலீசு இல்லையே தங்கச்சி?”

“இல்லக்கா. கேலிக்னு சொல்றாங்க. இவங்க தீவுப் பாஷை. வீட்டுல அம்மாகிட்ட பேசினதாம்.”

“அப்ப கூட வந்த அம்மாவுக்கும் அதுவா?”

ஸவாஹிரா கேட்டுச் சொன்னாள். நெஸ்டாவின் பாஷை வெல்ஷ். இரண்டும் தூரத்துச் சொந்தம், ஆனால் ஒருவர் பேசினால் மற்றவருக்கு விளங்காது. அதனால் நாற்பது வருஷமாக வீட்டில் இங்கிலீசுதான்.

கல்லைத் திரும்ப ஒட்டி நிறுத்த முடியுமா என்று பார்ப்பதற்காக இரண்டு பேரும் துண்டுகளை எண்ணினார்கள். ரூரி அந்தப் பக்கத்திலிருந்து, நெஸ்டா இந்தப் பக்கத்திலிருந்து. ஆளுக்கொரு துண்டைத் தொட்டுத் தொட்டு, அவரவர் பாஷையில். எண்ணுகிறபோது மனிதருக்குத் தாய்ப்பேச்சுத்தான் வரும். மூன்றாவது துண்டுக்கு அந்த இரண்டு பாஷையிலும் ‘த்ரீ’ என்றே வந்தது. நாலாவதற்கு அவர் ‘கெஹிர்’ என்றார், அவள் ‘பெத்வர்’ என்றாள். ஐந்தாவதற்கு அவர் ‘கோக்’, அவள் ‘பிம்ப்’.

குருவம்மா கையிலிருந்த தும்பைக் கீழே வைத்தாள்.

“தங்கச்சி, இன்னொருக்கா எண்ணச் சொல்லுங்க.”

எண்ணினார்கள். அவள் உதடுகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஐயாவுக்குக் க வர்ற எடத்துல அம்மாவுக்குப் ப வருது. வேற சொல்லுல வருதான்னு கேளுங்க. தலைக்கு என்ன சொல்லுவாரு?”

தலைக்கு ரூரி ‘க்யௌன்’ என்றார். நெஸ்டா பதில் சொல்வதற்குள் குருவம்மா கையைக் காட்டி நிறுத்தினாள்.

“அம்மாவுக்கு ப்யௌன். இல்லாட்டி அது மாதிரி.”

“பென்,” என்றாள் நெஸ்டா, மெதுவாக.

‘யார்’ என்பதற்கு ரூரி ‘கோ’ என்றார். குருவம்மா ‘போ’ என்றாள். வெல்ஷில் ‘புய்’. மரத்துக்கு அவர் ‘க்ரௌன்’. இவள் ‘ப்ரௌன்’ என்றாள். வெல்ஷில் ‘ப்ரென்’, வெட்டிய மரக்கட்டை என்று பொருள். மகனுக்கு அவர் ‘மஹ்க்’ என்றார். அந்தச் சொல் கல்லிலேயே இருக்கிறது என்று காட்டினார். குருவம்மா கண்ணை மூடிக்கொண்டு ‘மாப்’ என்றாள். நெஸ்டா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“என்னங்க, பிழையா?”

“பிழை இல்லக்கா,” என்றாள் ஸவாஹிரா. அவள் குரலே மாறிவிட்டிருந்தது. “இப்ப கடைசி எழுத்தைக் கொஞ்சம் மெல்லிசா சொல்றாங்களாம். ஆயிரம் வருஷத்துக்கு முந்தின ஏட்டுல நீங்க சொன்ன மாதிரியே, அழுத்தமா, அந்தப் பகரத்தோட எழுதியிருக்காம். உங்களுக்கு யார் சொல்லிக் குடுத்ததுன்னு கேக்குறாங்க.”

குருவம்மா அடுத்த சொல்லுக்குப் போய்விட்டாள். நாய்க்கு என்ன என்று கேட்டாள்.

நாய்க்கு ரூரி ‘கூ’ என்றார்.

“அப்ப அம்மாவுக்குப் பூ.”

“இல்லை,” என்றாள் நெஸ்டா வருத்தத்தோடு. “கீ.”

நூறும் அப்படித்தான், காதும் அப்படித்தான். இரண்டு பேருக்கும் க. ஸவாஹிராவின் முகம் விழுந்துவிட்டது. “பரவால்லக்கா, நாலஞ்சு சரியாச் சொன்னீங்களே, அதுவே பெருசு.”

ஆனால் குருவம்மாவின் முகம் விழவில்லை. பக்கத்துக் கல்லறையின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள். கண் எங்கேயோ நிலைகுத்தி நின்றது. தண்ணீர்க் குழாயடியில் நின்ற அந்தப் பத்து வயதுச் சிலிர்ப்பு, அதே இடத்தில், முதுகுத்தண்டின் அடியில் தொடங்கி மேலே ஏறியது. ஒரே மாதிரி ஒலிக்கிற சொற்கள். இன்னொரு வீட்டில் போய்ப் பார்த்தால் இரண்டு கூட்டம்.

“தங்கச்சி. ஐயாவுக்கு வர்ற க எல்லாம் ஒரே க இல்ல. முந்தி ரெண்டு க இருந்திருக்கணும். ஐயா வீட்டுல ரெண்டும் கலந்து ஒண்ணாப் போச்சு. அம்மா வீட்டுலதான் அது ரெண்டுன்னு இன்னும் தெரியுது.”

ஸவாஹிராவுக்கு விளங்கவில்லை. “எப்படிக்கா சொல்றீங்க?”

இப்போது சொல்லித்தான் ஆக வேண்டும். சொல்லாமல் இதை விளக்க வேறு வழி இல்லை. குருவம்மா தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். பதுளைக்காரி, சொன்னால் எந்தக் குடியிருப்பு என்று இவளுக்கு உடனே தெரிந்துவிடும். தெரியட்டும். இவ்வளவு பெரிய விஷயம் வாசலில் வந்து நிற்கும்போது கதவைச் சாத்திக்கொண்டிருப்பதா?

“எங்க வீட்டுல தெலுங்கு பேசுவோம்,” என்றாள்.

ஒன்றும் ஆகவில்லை. காற்று அடித்தது. ஸவாஹிரா அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

கோழியும் தேளும் என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள் குருவம்மா. நாம் வாயால் கோளி என்கிறோம், தேள் என்கிறோம், ஒரே ளகரம். எங்கள் வீட்டில் ஒன்று கோடி, ஒன்று தேலு. அதை வைத்துத்தான் நான் சொல்வதெழுதலில் பிழைவிடாமல் எழுதினேன். ஐயாவும் கோழியையும் தேளையும் கலந்துவிட்ட வீட்டுக்காரர், அவ்வளவுதான். ஸவாஹிரா அதை இங்கிலீசில் சொல்லச் சொல்ல, இடையிடையே குருவம்மாவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். “மறுபடி சொல்லுங்கக்கா, நான் இதைப் புடிச்சுக்குறேன்,” என்று கைபேசியை உயர்த்தியபோது குருவம்மா சரி என்று தலையாட்டினாள். அவள் நினைப்பெல்லாம் இரண்டு ககரத்தில் இருந்தது.

நெஸ்டா புல்லிலேயே அவளுக்கு எதிரே உட்கார்ந்துவிட்டாள். படித்தவர்கள் நூறு வருஷத்துக்கும் மேலாக ஏடுகளைப் புரட்டிக் கண்டது இதுதான் என்று சொன்னாள். எழுத்தெல்லாம் வருவதற்கு முந்தைய காலத்தில் அந்த இரண்டு வீட்டுக்கும் தாய்ப்பேச்சு ஒன்று. அதில் வெறும் க ஒன்று இருந்தது. உதட்டைக் குவித்துச் சொல்லும் ‘க்வ’ ஒன்று இருந்தது. ரூரியின் முன்னோர் உதட்டைக் குவிப்பதை விட்டுவிட்டார்கள். இரண்டும் ஒரே க ஆயின. நெஸ்டாவின் முன்னோர் குவித்த உதட்டை மூடியே விட்டார்கள். அது ப ஆனது. வெறும் க இரண்டு வீட்டிலும் க ஆகவே இருந்துவிட்டது.

குருவம்மா வாயில் வைத்துப் பார்த்தாள். க்வ. க்வ. உதட்டை இன்னும் கொஞ்சம் நெருக்கினாள். ப. எங்கேயோ கடல் நடுவிலிருக்கும் தீவில், பெயர் தெரியாத ஜனங்கள், பெயர் தெரியாத காலத்தில் செய்த காரியத்தை இப்போது அவள் வாய் செய்துகொண்டிருந்தது.

அப்போதுதான் மழை பிடித்தது. பெரகலைப் பக்கத்திலிருந்து ஏறிவந்த மூட்டம் ஒரே கொட்டாகக் கொட்டியது. நால்வரும் கோயிலை நோக்கி ஓடினார்கள். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. ஸவாஹிரா உள்ளேயிருந்த காவல்காரருக்குச் சிங்களத்தில் சத்தம் போட்டாள்.

“மாமே, தொர அரின்ன! தொர!”

கதவு திறந்தது. ஆனால் ரூரி உள்ளே போகாமல் மழையிலேயே நின்றார். “என்ன சொன்னாய்?” என்று கேட்டார். கதவைத் திறக்கச் சொன்னேன், சிங்களத்தில் கதவுக்குத் ‘தொர’ என்றாள் ஸவாஹிரா. எங்கள் தீவில் ‘தொரஸ்’ என்றார் அவர். நெஸ்டா ‘த்ரூஸ்’ என்றாள். பிறகு, பிரான்சு நாட்டின் மேற்குக் கரையில் பிரெத்தோன் என்று இவர்களுக்கு இன்னொரு சொந்தக்கார ஜனம் இருப்பதாகவும், அவர்கள் பேச்சில் கதவு ‘தோர்’ என்றும் சொன்னாள்.

உள்ளே போய் வாங்கில் உட்கார்ந்தார்கள். காவல்காரர் துடைத்துக்கொள்ளத் துணி கொண்டுவந்து கொடுத்தார். ‘தொர’ என்ற சொல் அவர் வாயில் ஆயிரம் தடவை வந்துபோன சொல். அதைக் கேட்டு ஒரு வெள்ளைக்காரர் ஏன் கண்கலங்குகிறார் என்று அவருக்கு விளங்கவில்லை.

“அப்ப சிங்களமும் இவங்க பாஷையும் ஒரே வம்சமா?” என்றாள் குருவம்மா.

மிகத் தூரத்து வம்சம் என்றாள் நெஸ்டா. பிறகு யோசித்துவிட்டு, சிங்களத்தில் சூரியனுக்கு என்ன என்று கேட்டாள்.

“சூர்யான்னும் சொல்லலாம், ஹிருன்னும் சொல்லலாம்,” என்றாள் ஸவாஹிரா. “சூர்யாதான் தேஞ்சு ஹிருவாச்சுன்னு ஸ்கூல்ல படிச்சோம். ச போய் ஹ வந்துடும்.”

“எங்களுக்கும் ச போய் ஹ வரும்,” என்றாள் நெஸ்டா. உப்புக்கு ரூரி ‘ஸலன்’ என்பார், அவள் ‘ஹலென்’ என்பாள். சூரியனுக்கு வெல்ஷில் ‘ஹைல்’. அதே வேரிலிருந்து வந்ததுதான்.

“ஐயா வீட்டுல?” குருவம்மா ரூரியின் பக்கம் திரும்பினாள். “ஐயா வீட்டுல ச வரணுமே. சூரியனுக்கு அவரு என்ன சொல்லுவாரு? ஸைலா?”

ரூரி இல்லை என்று தலையசைத்தார். சூரியனுக்கு அவர்கள் பேச்சில் வேறு ஏதோ சொல். ஆனால் ‘ஸூல்’ என்று ஒரு சொல் உண்டு என்றார். அதுதான் ஹைலுக்குச் சகோதரி என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். பொருள் மட்டும் மாறிவிட்டது. சொல்லிவிட்டு அவர் விரலை உயர்த்தித் தன் கண்ணைத் தொட்டுக் காட்டினார்.

குருவம்மாவுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. ஒரு வீட்டில் சூரியனாக இருக்கிற சொல் இன்னொரு வீட்டில் கண்ணாக இருக்கிறது. அதே சொல் இங்கே, இந்த ஊவா மலையில், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வருகிற சிங்களத்தியின் வாயில் ஹிருவாக இருக்கிறது. இத்தனை கடலையும் இத்தனை காலத்தையும் தாண்டி, பாஸ்போட் இல்லாமல், யாருக்கும் தெரியாமல், மனிதர் வாயிலிருந்து வாய்க்கு. அவள் கைகூப்பினாள். கோயில் என்பதால் அல்ல. வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

“எங்க பேச்சு ரெண்டும் அந்த வம்சமா?” என்று கடைசியில் கேட்டாள்.

இல்லை, தமிழும் தெலுங்கும் வேறு குடும்பம், அந்தக் குடும்பமும் மிகப் பழையது என்றாள் நெஸ்டா. இரண்டு குடும்பத்துக்கும் முன்னால் ஏதாவது இருந்ததா என்பது யாருக்கும் தெரியாது.

“தெரியாதா?”

“யாருக்கும் தெரியாது.”

அந்தப் பதிலும் குருவம்மாவுக்குப் பெரிதாகத்தான் இருந்தது.

புறப்படும்போது ரூரி தோட்டத்துப் பெயரைக் கேட்டார். கிளென் என்றால் அவர் பாஷையில் பள்ளத்தாக்கு. நெஸ்டாவின் பாஷையில் ‘கிளின்’. இங்குள்ளவர்கள் அதைப் பள்ளத்தோட்டம் என்கிறார்கள் என்று ஸவாஹிரா சொன்னபோது, யார் மொழிபெயர்த்தது என்றார். யாரும் மொழிபெயர்க்கவில்லை. வந்தவர்களும் பள்ளத்தைப் பார்த்தார்கள், இவர்களும் பள்ளத்தைப் பார்த்தார்கள்.

கல்லை அடுத்த மாதம் அப்புத்தளையிலிருந்து வந்த கொத்தனார் ஒட்டி நிறுத்தினார். ஆனால் அதற்குள் வேறொன்று நடந்துவிட்டது. ஸவாஹிரா எடுத்த அந்தச் சின்னப் படத்தைப் பெருமையோடு கைபேசியில் எல்லோரும் பார்க்கும்படி போட்டிருந்தாள். பார்த்தவர்கள் பல ஆயிரம் பேர். வியந்தவர்கள் இருந்தார்கள். ‘ஓ, அந்த ஆட்களா’ என்று எழுதியவர்களும் இருந்தார்கள். பண்டாரவளையில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்யும் லக்ஷனாவிடம், கூட வேலை செய்யும் பெண் அதைக் காட்டி, “இது ஒங்கம்மாவா?” என்று கேட்டாள்.

லக்ஷனா அன்றே கூப்பிட்டாள். “அம்மா, எனக்கே தெரியாது. ஊருக்கெல்லாம் சொல்லியிருக்க, எனக்குச் சொல்லல. நான் யாருன்னு ஃபோனப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கணுமா?”

ஊருக்குத் தெரிந்ததற்குத்தான் மகள் கோபப்படுவாள் என்று குருவம்மா எதிர்பார்த்திருந்தாள். மகள் மூன்று மாதத்துக்கு மேல் வீட்டுக்கு வரவில்லை. ஸவாஹிரா வந்து அழுதாள், படத்தை எடுத்துவிடுகிறேன் என்றாள். “விடு தங்கச்சி, சொன்ன சொல்ல வாய்க்குள்ள திரும்பப் போட முடியுமா,” என்றாள் குருவம்மா. வடிவேல் ஒருநாள் சாப்பிடும்போது, “கோழிக்கு என்னமோ சொன்னியே, என்னா அது?” என்று கேட்டான்.

“கோடி.”

“கோடி,” என்று சொல்லிப் பார்த்துவிட்டுச் சோற்றைப் பிசைந்தான்.

அடுத்த ஞாயிறு அவள் பஸ்ஸேறிப் பதுளைக்குப் போனாள். பிறந்த குடியிருப்பில் அண்ணன் இருந்தான், அண்ணன் பெண்டாட்டி இருந்தாள். கையில் ஒரு கொப்பி. வீட்டுப் பேச்சில் உங்களுக்குத் தெரிந்த சொல்லெல்லாம் சொல்லுங்கள் என்றாள். முதலில் வெட்கப்பட்டார்கள். ‘செய்யி’ என்று அண்ணி தன் கையை நீட்டிக் காட்டினாள். கை, செய்யி. கெட்டுப்போனது ‘செடிப்போயிந்தி’. தமிழில் க, வீட்டில் ச. குருவம்மா கத்தியே விட்டாள். அதற்குப் பிறகு பெண்கள் வீட்டுக்கு வீடு எட்டிப் பார்த்துச் சொல் தேடினார்கள். குப்பை வண்டி ஓட்டுகிறவர் வண்டியை நிறுத்தி, இறங்காமலேயே இரண்டு சொல் சொல்லிவிட்டுப் போனார். சாயங்காலத்துக்குள் பதினாலு பக்கம் நிறைந்தது.

எல்லாமே பொருந்திவிடவில்லை. பொருந்தாத சொற்களை அவள் தனிப் பக்கத்தில் எழுதினாள். அந்தப் பக்கத்தைத்தான் அடிக்கடி திறந்தாள். நெஸ்டாவுக்குக் குரலில் பேசி அனுப்புவாள், ஸவாஹிரா மொழிபெயர்த்துக் கூட அனுப்புவாள். வெல்ஷிலும் அப்படி ஒரு பக்கம் தன்னிடம் இருப்பதாக நெஸ்டா பதில் அனுப்பினாள்.

ஆனி மாதத்தில் ஒரு சனிக்கிழமை லக்ஷனா சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினாள். மழையில் நனைந்திருந்தாள். தலையைத் துவட்டிக்கொண்டே மேசையிலிருந்த கொப்பியை எடுத்துப் புரட்டினாள். பள்ளியில் உயர்தர வகுப்பான ஏ.எல்.லில் தமிழ் படித்தவள். பொருந்தாத சொற்கள் இருந்த பக்கத்துக்கு வந்ததும் புரட்டுவதை நிறுத்தினாள்.

“மழைக்கு என்னா இது? வானவா?”

“ஆமா, எங்க வீட்டுல மழைய வானன்னுதான் சொல்லுவோம். அதுக்கும் மழைக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. ரொம்ப நாளாப் பாத்துட்டேன்.”

“மழைக்கு ஏன் பாக்குற?” என்றாள் லக்ஷனா. “வானத்துக்குப் பாரு. பழைய தமிழ்ல வான்ங்கிற சொல்லுக்கு மழைன்னும் அர்த்தம் இருக்கும்மா. நாங்க படிச்சிருக்கோம்.”

குருவம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். கையில் மாவு. லயத்துத் தகரக் கூரையில் மழை இரைந்துகொண்டிருந்தது. ஒரு வீட்டில் வானம். இன்னொரு வீட்டில் வானத்திலிருந்து விழுவது.

“இன்னொருக்கா சொல்லு,” என்றாள்.

லக்ஷனா சொன்னாள். பிறகு பேனாவை எடுத்து, அந்தச் சொல்லை அந்தப் பக்கத்திலிருந்து வெட்டிவிட்டு, எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று அம்மாவைக் கேட்டாள்.